கணப்பு மரத்தில் பிறந்த கிதார்

லண்டன் மாநகருக்கு மேற்கே, ஹீத்ரோ விமான நிலையத்தின் சமீபத்தில், ஃபெல்தம் என்றோர் ஊர் இருக்கிறது. சிறு உத்தியோகஸ்தர்களும் தொழிலாளரும் அடக்கமான வீடுகளில் குடியிருந்து வந்த புறநகர் அது. அவ்வீடுகளில் ஒன்றில், 1963ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், ஹெரால்ட் மே என்ற மின்னணுப் பொறியாளரும், அப்போதுதான் பதினாறு வயது நிரம்பியிருந்த அவருடைய ஒரே புதல்வன் பிரையனும், உபரியாக இருந்த ஓர் அறையைப் பட்டறையாக்கிக்கொண்டு, ஒரு மின்சாரக் கிதாரைத் தங்கள் கைகளாலேயே செய்யத் தொடங்கினார்கள். ஏறத்தாழ இரண்டு வருஷங்கள் பிடித்த அந்த வேலையின் முடிவில் உருவான செந்நிற வாத்தியம், பின்னாளில் பிரையன் கிதார் வாசித்த ‘க்வீன்’ இசைக்குழுவின் அநேகமாக எல்லா இசைத்தட்டுகளிலும் ஒலித்தது. 2002ஆம் வருஷம் ஜூன் 3ஆம் தேதி, எலிசபெத் ராணியின் பொன்விழாவின்போது, பக்கிங்ஹாம் அரண்மனையின் கூரைமேல் நின்று பிரையன் மே பிரிட்டிஷ் தேசிய கீதத்தை வாசித்ததும் அதே வாத்தியத்தில்தான். ‘ரெட் ஸ்பெஷல்’ என்பது அதன் பெயர்.

அதன் புகழைப் பாடுவதல்ல இக்கட்டுரையின் நோக்கம். வீட்டில் கிதார் செய்வதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் இன்று உலகெங்கும் இருக்கிறார்கள். பணம் போதாத குறைக்காகச் செய்வோரும், பணம் இருந்தும் செய்வதில் உள்ள ஆனந்தத்துக்காகச் செய்வோரும் அவர்களுள் உண்டு. அவர்கள் யாவருடைய முயற்சிக்கும் எது உயிர்நிலையோ, அது அந்த ஃபெல்தம் வீட்டு வேலையில் தெளிவாகத் தெரிகிறது என்பது என் அபிப்பிராயம். கடையில் வாங்குகிறவன் ஒரு வாத்தியத்தை அது இருக்கிறபடியே ஏற்றுக்கொள்கிறான். செய்கிறவனோ அதன் ஒவ்வோர் அங்கத்தையும், ‘நீ ஏன் இப்படி இருக்கிறாய்? வேறு விதமாக இருந்தால் என்ன?’ என்று கேட்டாக வேண்டியிருக்கிறது. அந்தக் கேள்வியைத் தந்தையும் மகனும் ஓரிடத்திலும் விட்டுவைக்கவில்லை.

அமெரிக்காவில் பிறந்த ஃபெண்டர், கிப்ஸன் முதலிய கிதார்கள் அக்காலத்து இங்கிலாந்தில் எளிதில் கைக்கு எட்டுபவை அல்ல. யுத்தத்துக்குப் பின் ஏற்பட்ட அந்நியச் செலாவணி நெருக்கடியினால் அமெரிக்க வாத்தியங்களின் இறக்குமதி 1959ஆம் ஆண்டுவரை கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. கட்டுப்பாடு நீங்கிய பின்னும் அவற்றின் விலை ஒரு சம்பளக்காரரின் குடும்பத்துக்குக் கனவாகவே இருந்தது. ஆனால் ஹெரால்ட் மே சாமானியமான சம்பளக்காரர் அல்லர். விமானத் துறையில் வரைவாளராக இருந்து, மூடுபனியில் ஓடுபாதை விமானியின் கண்ணுக்குப் புலப்படாத வேளையிலும் விமானத்தைப் பத்திரமாகத் தரையிறக்கும் சாதனங்களுக்காக உழைத்தவர். வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியைத் தாமே செய்தவர். யூகலேலி-பான்ஜோ என்ற சிறு தந்தி வாத்தியத்தை வாசிக்கத் தெரிந்து, அதைப் பிள்ளைக்கும் சொல்லிக் கொடுத்தவர். வேண்டியதை வாங்க முடியாவிட்டால் செய்துகொள்வது அவ்வீட்டில் இயல்பாயிருந்தது. பிரையன் தன்னிடமிருந்த மலிவான மரக் கிதாருக்குச் சிறு காந்தங்களில் செப்புக் கம்பியைச் சுற்றித் தானே பிக்கப் செய்து பொருத்தி, அதைத் தந்தையின் வானொலிப் பெட்டியோடு இணைத்து முன்பே கேட்டுப் பார்த்திருந்தான்.

அந்தப் பிக்கப் என்ற உறுப்பைப் புரிந்துகொண்டால் மின்சாரக் கிதாரின் ரகசியம் முழுவதும் விளங்கிவிடும். 1831ஆம் ஆண்டில் லண்டனில் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்தூண்டல் விதியே அதன் ஆதாரம். ஒரு நிலைக்காந்தத்தைச் சுற்றி, தலைமயிரை ஒத்த மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றி, அதன்மேல் எஃகுத் தந்தி அதிரும்படி வைத்தால், காந்தப்புலத்தைத் தந்தி கலைக்கும்தோறும் சுருளில் நுண்ணிய மின்னழுத்தம் எழுகிறது. தந்தி எத்தனை முறை அதிர்கிறதோ அத்தனை முறையே அதுவும் ஏறி இறங்க, ஆம்ப்ளிஃபயர் அதைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. ஃபாரடேயின் ஆராய்ச்சிக்குச் சரியாக நூறு வருஷங்கள் கழித்து, 1931இல், கலிஃபோர்னியாவில் ஜார்ஜ் போஷாம் என்பவர் இரண்டு குதிரைலாடக் காந்தங்களுக்கிடையே தந்திகளைச் செலுத்தி இவ்விதியைக் கிதாருக்குப் பயன்படுத்தினார். மரக் குடமும், குடத்தினுள் அடைபட்ட காற்றும் இருந்தாலன்றி நாதம் பிறக்காது என்ற பழைய கட்டுப்பாடு அத்துடன் தளர்ந்தது. 1940 வாக்கில் லெஸ் பால் என்ற வித்துவான், ஏறத்தாழ பத்து சென்டிமீட்டர் கனமுள்ள பைன் மரக்கட்டை ஒன்றிலேயே கழுத்தையும் தந்திகளையும் பிக்கப்புகளையும் பொருத்தி வாசித்தார். வெறும் கட்டையைக் கண்ட ரசிகர்கள் அதை ஒரு வாத்தியமாகவே மதிக்கவில்லை என்றும், பழைய கிதார் ஒன்றை நடுவே பிளந்து இரு பாதிகளையும் கட்டையின் இருபுறமும் ஒட்டிய பிறகே கைதட்டினார்கள் என்றும் அவரே சொல்லியிருக்கிறார்.

ஆகவே, மரம் எதுவாயினும் கிதார் ஒலிக்கும். ஆனால் எவ்விதம் ஒலிக்கும், எவ்வளவு காலம் சுருதியில் நிற்கும் என்பவை வேறு கேள்விகள். சாதாரணமாக ஒரு மின்சாரக் கிதாரின் ஆறு தந்திகளும் சேர்ந்து சுமார் 40 கிலோ விசையோடு கழுத்தை வளைக்கப் பார்க்கின்றன. வருஷக்கணக்காக இரவும் பகலும் ஓயாத அந்த இழுப்பைத் தாங்குவதற்கு, நன்றாக உலர்ந்து, இனி முறுக்கிக்கொள்ளும் உத்தேசமே இல்லாத மரம் வேண்டும். மே குடும்பத்துக்குக் கிடைத்தது ஒரு பழைய கணப்பின் மேற்சட்டம். குளிர்நாட்டு வீடுகளில் சுவரோடு சேர்த்துக் கட்டப்பட்ட அந்தக் கணப்படுப்புகளைப் பிற்காலத்தார் இடித்து எறிந்துகொண்டிருந்தார்கள். அப்படி எறியப்பட இருந்த, நூறு வருஷத்துக்கும் மேற்பட்ட ஒரு மஹோகனிச் சட்டத்தைக் கையால் செதுக்கிக் கிதாரின் கழுத்தாக்கினான் பிரையன். அதில் புழு துளைத்த ஓட்டைகள் இருந்தன. தீக்குச்சிகளைச் செருகி அவை அடைக்கப்பட்டன. உடலின் நடுப்பகுதிக்குப் பழைய மேஜையின் ஓக் மரமும், பக்கங்களுக்குச் சட்டப்பலகையும் உதவின. மேலும் கீழும் மெல்லிய மஹோகனித் தகடு ஒட்டப்பட்டது. விரற்பலகைமீது இடம் காட்டும் புள்ளிகளுக்குத் தாயாரின் தையல் பெட்டியிலிருந்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள் கிடைத்தன. மொத்தச் செலவு சுமார் 8 பவுன் என்று சொல்வார்கள்.

இந்தச் சாமான்களின் பட்டியலையே வியந்து நின்றுவிடுகிறவர்கள் அநேகர். எனக்கோ அவற்றைவிட விரற்பலகையின் கணக்கு பெரிதாகத் தோன்றுகிறது. மெட்டு என்று வீணைக்காரர்களும் ஃப்ரெட் என்று கிதார்க்காரர்களும் சொல்லும் குறுக்குக் கம்பிகளை மனம்போன இடத்தில் பதிக்க முடியாது. ஒவ்வோர் அரைச்சுரத்துக்கும் அதிர்வெண் 1.05946 மடங்கு உயர வேண்டும். பன்னிரண்டு முறை இப்படிப் பெருக்கினால் சரியாக இரண்டு மடங்காகி மேல்ஸ்தாயி வரும். ரெட் ஸ்பெஷலின் தந்தி நீளம் 24 அங்குலம், அதாவது 609.6 மில்லிமீட்டர். முதல் மெட்டு தலைப்பக்கத்திலிருந்து 34.2 மில்லிமீட்டரில் விழுகிறது; அடுத்தது அதிலிருந்து 32.3, இப்படிக் குறுகிக்கொண்டே வந்து, பன்னிரண்டாவது நேர் பாதியிலும், இருபத்து நான்காவது, மறுமுனையில் தந்திகளைத் தாங்கும் குதிரைக்கு 6 அங்குலம் இப்பாலும் அமைகின்றன. கடைசி இரண்டு மெட்டுகளுக்கு இடையே 9 மில்லிமீட்டரே மிஞ்சுகிறது. முதல் மெட்டில் அரை மில்லிமீட்டர் பிசகினால் அரைச்சுரத்தில் ஏறத்தாழ எழுபதில் ஒரு பங்கு கெடும். அதே பிசகு கடைசி மெட்டில் நேர்ந்தாலோ பதினெட்டில் ஒரு பங்கு கெட்டு, பயிற்சி பெற்ற செவிக்கு உறுத்தத் தொடங்கும். வீணையின் மெட்டுகள் மெழுகில் அமர்வதால் அவற்றைப் பின்னரும் நகர்த்திச் சரிசெய்யலாம். மரத்தில் அறுத்துப் பதித்த கிதார் மெட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆதலால் வீட்டில் கிதார் செய்ய முற்படுவோர் எதில் சிக்கனம் பார்த்தாலும் அளவுகோலிலும் மெல்லிய ரம்பத்திலும் பார்க்கக் கூடாது. ஒவ்வொரு மெட்டின் தூரத்தையும் முந்தின மெட்டிலிருந்து அளக்காமல், எல்லாவற்றையும் தலைப்பக்கத்து ஒரே புள்ளியிலிருந்து அளப்பதே முறை; இல்லாவிட்டால் சிறு தவறுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கடைசியில் பெருந்தவறாகிவிடும்.

ஃபெல்தம் பட்டறையின் சிகரமான சாதனை என்று நான் கருதுவது ட்ரெமலோ என்ற அமைப்பை. கிதாரின் குதிரையருகே உள்ள ஒரு பிடியை அழுத்தினால் ஆறு தந்திகளும் ஒருசேரத் தளர்ந்து சுருதி இறங்கும். விட்டால் பழைய நிலைக்கு ஏறும். ஏறும் என்பது கொள்கை. அக்காலத்துக் கடைக் கிதார்களில் பெரும்பாலும் நடந்தது என்னவென்றால், விட்டபின் தந்திகள் பழைய சுருதிக்குத் திரும்பாமல் சற்று இப்பாலோ அப்பாலோ நின்றுவிடும். வாசிப்பவர்கள் இதைக் கிதாரின் சுபாவம் என்று சகித்துக்கொண்டிருந்தார்கள். தந்தையும் மகனும் சகித்துக்கொள்ளவில்லை. திரும்பாததற்குக் காரணம் உராய்வு. உராய்வு எங்கெங்கே இருக்கிறது? அசையும் தகடு ஊன்றி நிற்கும் இடத்தில் ஒன்று, தந்தி குதிரைமேல் ஏறி இறங்கும் இடத்தில் ஒன்று, தலைப்பக்கத்தில் தந்தி மடங்கி, அதை முறுக்கும் பிருடைக்குப் போகும் இடத்தில் ஒன்று. காரணம் தெரிந்தபின் மூன்றுக்கும் மூன்று பரிகாரம் தேடினார்கள். ஆய்வுக்கூடத் தராசின் கோல் கத்தி விளிம்பின்மேல் ஆடுவதுபோல, அசையும் தகட்டைக் கடினமாக்கிய எஃகின் கூர்விளிம்பு ஒன்றின்மேல் ஊன்றினார்கள். குதிரையின்மேல் ஒவ்வொரு தந்திக்கும் ஒரு சிறு உருளை செய்து வைத்தார்கள். தந்தி நகர்ந்தால் உருளை உருளுமே தவிர உரசாது. தலைப்பக்கத்தில் தந்தி வளைந்து நெளியாமல் ஏறத்தாழ நேராகவே பிருடைக்குச் செல்லும்படி அமைத்து, சுருதியை நிர்ணயிக்க முதல் மெட்டுக்கும் முன்னே இன்னொரு மெட்டை வைத்தார்கள். தந்திகளின் இழுப்பை எதிர்த்து நிற்க 1928ஆம் வருஷத்துப் பாந்தர் மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங்குகள் இரண்டு. கைப்பிடிக்கு, சைக்கிளின் பின்பையைத் தாங்கும் கம்பி. அதன் நுனிக்குத் தாயாரின் பின்னல் ஊசித் துண்டு.

இதில் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். மோட்டார் சைக்கிள் ஸ்பிரிங் அங்கு வந்தது விசித்திரத்துக்காக அல்ல. கோடிக்கணக்கான முறை அமுங்கி நிமிர்ந்தும் தளராமலிருக்கச் செய்யப்பட்ட பொருள் அது. தந்திகளை எதிர்க்கும் வேலைக்கும் அதே குணமே தேவை. என்ன குணம் வேண்டும் என்று முதலில் நிச்சயித்துவிட்டு, அந்தக் குணமுள்ள பொருள் எங்கே கிடைக்கும் என்று பிறகு தேடுகிறவனுக்குக் குப்பைமேடும் கிடங்காகிவிடுகிறது. குணத்தை அறியாதவனுக்குக் கிடங்கும் குப்பைமேடே.

பிக்கப் விஷயத்தில் அவர்களுடைய முதல் பிரயத்தனம் முழுவதும் பலிக்கவில்லை, அது பலிக்காத விதமும் படிப்பினை நிறைந்தது. பிரையன் தானே சுற்றிய பிக்கப்புகள் நன்றாகவே ஒலித்தன. ஆனால் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் போல வளைக்கும்போது விரும்பத்தகாத ஓர் ஓசை கிளம்பியது. அவன் காந்தங்களை வடக்கும் தெற்குமாக மாறி மாறி வைத்திருந்தான். வளைத்த தந்தி தன் காந்தத்தை விட்டு, எதிர்த் துருவமுள்ள அடுத்த காந்தத்தின் ஆட்சிக்குள் நுழையும்போது ஒலி குழம்பிற்று. அதன்மேல் பர்ன்ஸ் கம்பெனியின் ‘ட்ரை-சோனிக்’ பிக்கப்புகள் மூன்றை வாங்கினார்கள். வாங்கியதை அப்படியே பொருத்தவும் அவர்களுக்கு மனம் வரவில்லை. சுருளின் கம்பிகள் தளர்வாக இருந்தால் அவையே அதிர்ந்து கீச்சென்று கூவும் என்பதால், உள்ளே அரால்டைட் பசையை ஊற்றி அவற்றை இறுக்கிவிட்டார்கள்.

அதே சமயம், ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி மீண்டும் தந்தியையே அதிரச் செய்து, நாதம் தேயாமல் தொடரும் ஃபீட்பேக் என்ற குணத்தை பிரையன் விரும்பினான். அதற்காகவே கிதாரின் உடலில் காற்றறைகளை விட்டிருந்தான். மேல்தகட்டில் வயலினுக்கு உள்ளதுபோன்ற ஒலித்துளை ஒன்றை வெட்டவும் எண்ணியிருந்தான். அது வெட்டப்படவே இல்லை. தந்தி பாட வேண்டும், சுருள் பாடக் கூடாது. இரண்டும் வெளியே ஃபீட்பேக் என்ற ஒரே விளைவாகத் தோன்றினும், காரணத்தைப் பிரித்தறிந்ததால் ஒன்றை வளர்த்து மற்றொன்றை அடக்க அவர்களால் முடிந்தது.

மின் இணைப்பிலும் இந்தச் சுதந்திரமே தெரிகிறது. பெரும்பாலான கிதார்களில் பிக்கப்புகள் பக்க இணைப்பில் இருக்கும். ரெட் ஸ்பெஷலில் மூன்றும் தொடர் இணைப்பில் இருப்பதால் ஒன்றின் மின்னழுத்தத்தோடு மற்றொன்றினுடையது கூடி வலுவான சப்தம் பிறக்கிறது. ஒவ்வொரு பிக்கப்புக்கும் இரண்டு சுவிட்சுகள்: இயங்கவும் நிறுத்தவும் ஒன்று, அலையின் திசையைப் புரட்ட ஒன்று. இரு பிக்கப்புகள் எதிர்த்திசையில் சேரும்போது இரண்டுக்கும் பொதுவான கனத்த ஸ்வரக்கூறுகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, மெலிந்து கூர்மையான ஒரு தொனி மிஞ்சுகிறது. ஆறே சுவிட்சுகளில் இத்தனை குரல் வேற்றுமைகளை அடக்கியிருந்தமையால்தான், சிந்தஸைசர் எதையும் பயன்படுத்தவில்லை என்று ‘க்வீன்’ குழுவினர் தங்கள் ஆரம்ப இசைத்தட்டுகளின் உறையிலேயே பெருமையோடு அச்சிட முடிந்தது. பிளாஸ்டிக் வில்லைக்குப் பதிலாக, ஓரத்தில் பற்களுள்ள ஆறு பென்னி நாணயத்தால் பிரையன் தந்திகளை மீட்டுவார். உலோகம் தந்தியைத் தொடும் அந்தக் கண நேரத்து உரசலும் ஒலியில் கேட்கும்.

அந்தக் குழுவில் வீட்டுக் கைவேலை பிரையனோடு நிற்கவில்லை. மின்னணுவியல் பட்டதாரியான ஜான் டீகன், 1970களின் தொடக்கத்தில், குப்பைத் தொட்டியில் கண்டெடுத்த ஒரு சர்க்யூட் பலகையை ஸ்பீக்கர் பெட்டி ஒன்றில் பொருத்தி 9 வோல்ட் பாட்டரியால் இயங்கும் சிறு ஆம்ப்ளிஃபயர் செய்தார். 1975இல் வெளிவந்த ‘எ நைட் அட் தி ஆபரா’ என்ற தொகுப்பில், ‘குட் கம்பெனி’ என்ற பாட்டில், ஒரு ஜாஸ் வாத்தியக் கோஷ்டியே வாசிப்பதாகத் தோன்றுவதெல்லாம் ரெட் ஸ்பெஷலும் அந்தச் சிறு பெட்டியும் செய்த வேலை.

ஹெரால்ட் மேயைப் பற்றி இன்னொரு செய்தி உண்டு. இம்பீரியல் கல்லூரியில் வான்பௌதிகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த மகன், 1974 வாக்கில் அதை அரைகுறையாக விட்டு இசையின் பின்னே போனபோது அவர் மிகவும் மனம் வருந்தினார். மகனை அழைத்துச் சென்ற வாத்தியம் அவரும் சேர்ந்து செய்ததே. 1977இல் பிரையன் தந்தையைக் கன்கார்ட் விமானத்தில் நியூயார்க்குக்கு வரவழைத்து மாடிசன் ஸ்கொயர் கார்டனில் தம் கச்சேரியைக் கேட்கச் செய்தார். அன்றுதான் தந்தையின் மனம் சமாதானம் அடைந்தது. அந்தக் கன்கார்டின் தரையிறங்கும் சாதனங்களுக்காக ஹெரால்ட் உழைத்திருந்தார் என்பதும் குறிப்பிடத் தக்கது. அவர் 1988இல் காலமானார். கிரகங்களிடையே உலவும் தூசியைப் பற்றிய அந்த ஆராய்ச்சியை மகன் பூர்த்தி செய்து டாக்டர் பட்டம் பெற்றது 2007இல்.

ரெட் ஸ்பெஷலின் பிரதிகளை இன்று கம்பெனிகள் விற்கின்றன; பொழுதுபோக்காளர் பலரும் அதன் அளவுகளை மில்லிமீட்டர் பிசகாமல் பின்பற்றித் தங்கள் வீட்டில் செய்கிறார்கள். அவர்களுடைய சிரத்தையை நான் மதிக்கிறேன். ஆயினும் சைக்கிள் கம்பியையும் பொத்தானையும் விலை கொடுத்துத் தேடி வாங்கிப் பொருத்துவது, அந்தத் தந்தையும் மகனும் செய்த காரியத்துக்கு நேர் எதிரானது என்றே நினைக்கிறேன். அவர்கள் யாரையும் பிரதி செய்யவில்லை. கையருகே இருந்ததை ஆராய்ந்தார்கள். வெட்டித் துளையிட்டு வர்ணமும் பூசி, திருகாணிகளோடு பெட்டியில் வரும் தயார்ச் சாமான்களும் இப்போது கிடைக்கின்றன. கருவிகளைப் பிடித்துப் பழக அவை உதவும், ஆனால் கேள்வி கேட்கும் வாய்ப்பை அவை பெருமளவு பறித்துக்கொள்கின்றன.

ஆரம்பிக்க விரும்பும் வாலிபர்களுக்கு என் யோசனை இது. முதலில் கிதார் செய்யாதீர்கள். ஒரு முழத்துக்குச் சற்று அதிகமான நல்ல உலர்ந்த கட்டையை எடுத்து, இரு முனைகளிலும் மேடு வைத்து, ஒரே ஓர் எஃகுத் தந்தியை ஒரு பிருடையால் முறுக்குங்கள். சிறு காந்தம் ஒன்றைச் சுற்றி, 0.063 மில்லிமீட்டர் கனமுள்ள எனாமல் செப்புக் கம்பியை ஆறாயிரம் ஏழாயிரம் சுற்றுகள் பொறுமையாகச் சுற்றி, மெழுகில் தோய்த்து, தந்தியின் கீழே வையுங்கள். கம்பி அறுந்தால் மனம் தளராமல் முதலிலிருந்து தொடங்குங்கள். ஆம்ப்ளிஃபயருக்கு வீட்டு மின்சாரத்தின் பக்கமே போக வேண்டாம். வால்வு ஆம்ப்ளிஃபயர்களில் இணைப்பைப் பிடுங்கிய பிறகும் உயிரைக் குடிக்கக்கூடிய மின்னழுத்தம் தங்கியிருக்கும். எல்.எம். 386 என்ற சிறு சில்லும் 9 வோல்ட் பாட்டரியும் போதும். பிக்கப்பைக் குதிரைப் பக்கம் நகர்த்தினால் ஒலி ஏன் கூர்மையாகிறது, நடுவுக்கு நகர்த்தினால் ஏன் கனக்கிறது, காந்தத்தைத் தந்திக்கு மிக அருகே கொண்டுபோனால் நாதம் ஏன் சீக்கிரம் அவிந்துவிடுகிறது என்று ஒவ்வொன்றாகச் செய்து கேட்டுப் பாருங்கள். ஒரு தந்தி இவற்றுக்கெல்லாம் பதில் சொன்ன பிறகு, மற்ற ஐந்தைப் பற்றி யோசிக்கலாம்.